மரம் தறித்தவரும் தறி நட்டவரும்

திருப்பூரின் வடபுறத்தே இருக்கும் நெருப்பெரிச்சல் தனக்கென ஓர் ஊராட்சியைக் கொண்டிருந்து, 2011-இல் மாநகராட்சி எல்லைக்குள் அடங்கிய ஊர். அதன் பெயரில் ஒரு வேற்றெழுத்து இல்லை, வேற்றுச்சொல்லும் இல்லை. நெருப்பும் எரிச்சலுமாகிய இரு தமிழ்ச்சொற்கள் புணர்ந்து நிற்கும் அப்பெயரை நாவாரச் சொல்லும் பின்னலாடைத் தொழிலாளர், ஊர்வாயிலைக் கடந்து பணிக்குள் நுழைந்தவுடன் 'கட்டிங்' என்றும் 'செக்கிங்' என்றும் 'பேக்கிங்' என்றும் பேசத் தொடங்கிவிடுகின்றனர். துணியை வெட்டுவதற்கும் 'கட்டிங்'தானாம்! வெட்டுபவர் 'கட்டிங் மாசுட்டர்' ஆம்! வெட்டுதல் என்னும் ஒரு வினைக்குத் தமிழிலுள்ள சொற்களை எண்ணப் புகுந்தால் இரு கைவிரல்களும் போதா என்பதை அவர்க்கு எடுத்துச் சொல்லியவர் யார்?

சொல்லியிருக்க வேண்டியவர் புலவர், அவர் சொல்லவில்லை. ஆயினும் அச்சொற்களை இன்றளவும் வாயிலும் கையிலும் வைத்துக் காத்துவரும் மக்கள் அதே நெருப்பெரிச்சல் சாலைகளின் வழியாகத்தான் நாள்தோறும் போய்வருகின்றனர். தோளில் வடம், கையில் கோடரி, மிதிவண்டியின் பின்னே சாக்கில் பொதிந்த இரம்பம் என்று வைகறையில் புறப்படும் மரம் வெட்டும் தொழிலாளரே அவர். ஆடைத் தொழிலின் பெருமையைப் பேசும் எந்த மேடையிலும் அவர்க்கு இருக்கை இல்லை. ஆடைத் தொழிலின் சொற்களோ அவர் தொழிலிலிருந்து பிறந்தவை!

தறி என்னும் சொல்லையே எடுத்துக்கொள்க. பல்லடத்திலும் சோமனூரிலும் மங்கலத்திலும் இரவும் பகலும் ஓயாது ஒலிப்பது விசைத்தறி. அதற்கு முன்னது கைத்தறி. அதற்கும் முன்னது குழித்தறி. தறித்தல் என்றால் வெட்டி வீழ்த்துதல், குறுக்கே துண்டாக்குதல் என்பது பொருள். தறித்து நட்ட கழி தறி. யானையைக் கட்டும் முளை கட்டுத்தறி. நிலத்தில் நட்ட கால்களுக்கிடையே பாவை இழுத்துக்கட்டி, படைமரத்தைப் பூட்டி, குழியில் மிதிக்கட்டையை அமைத்து நெசவாளன் நெய்ய அமர்ந்தபோது அவ்வமைப்பு முழுவதும் தறியாயிற்று. மரம் போய் இரும்பு வந்தது. கை போய் மின்விசை வந்தது. சொல் மட்டும் போகவில்லை. இன்று இரும்புத் தறியை ஓட்டும் இளைஞன், தன்னை அறியாமலே, மரம் வெட்டியவன் சொல்லைக் கொண்டே தன் பொறியை அழைக்கின்றான்.

தறி மட்டுமா? துணித்தல் என்றால் வெட்டுதல், துணித்தது துணி. துண்டாக்கியது துண்டு. அறுத்தது அறுவை. துணி விற்றவரை அறுவை வாணிகர் என்றே அழைத்தனர் பண்டைத் தமிழர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் கழகப் புலவரின் பெயரே அதற்குச் சான்று. கூறையைக் கூறு என்னும் சொல்லோடு இணைத்துப் பொருள் காண்பாரும் உளர். நூலை நெய்த ஒரு மக்கள், நெய்த பொருளுக்கு வெட்டும் வினையிலிருந்தே இத்தனை பெயர்களை ஆக்கிக்கொண்டது எண்ணிப் பார்க்கத்தக்கது. அத்தகைய மக்களின் வழிவந்தோர் வெட்டுமேடையில் நின்றுகொண்டு 'கட்டிங்' என்று சொல்லக் கேட்கும்போது சிரிப்பதா, நோவதா?

மரத்தொழிலாளன் வாயில் இவ்வினைகள் ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்குவன அல்ல. ஒவ்வொன்றுக்கும் தனிப்பொருள், தனிக்கருவி, தனிக்கையசைவு உண்டு. ஓங்கி இறக்கினால் வெட்டு. முன்னும் பின்னும் இழுத்தால் அறுப்பு. வாளின் பற்கள் மரத்தை நெடுகத் தின்றுகொண்டு போவது ஈர்தல், அதற்குரியது ஈர்வாள். கருக்கரிவாளால் மெல்லியதைச் சேர்த்துப் பிடித்து இழுப்பது அரிதல். அடிமரத்தை விட்டுக் கிளைகளை மட்டும் நீக்குவது கழித்தல். ஆப்பு வைத்து அடித்து வாய் திறக்கச் செய்வது பிளத்தல்; நார்வாக்கில் நெடுகப் பிரிப்பது போழ்தல்; மூங்கிலைப் பட்டை பட்டையாக எடுப்பது வகிர்தல். வாய்ச்சியால் கொத்திக் கொத்திச் சமனாக்குவது செதுக்குதல். மேலாக எடுப்பது சீவுதல். இழைப்புளியால் தள்ளுவது இழைத்தல். சிறுசிறு துண்டாக்குவது நறுக்குதல். ஒரு பணியாள் 'இதைக் கழி' என்றால் மற்றவன் ஒருநாளும் அடிமரத்தில் கோடரியைப் போடமாட்டான். அத்துணைத் திட்டம் அச்சொற்களில் உண்டு. இவையனைத்தையும் ஒரே 'கட்டிங்'கில் போட்டுப் புதைப்பது மொழிக்கேடு மட்டுமன்று, தொழிற்கேடும் ஆகும்.

மரம் என்பது யாது என்னும் கேள்விக்கே தமிழன் தொழிலறிவோடு விடை கண்டான். தொல்காப்பிய மரபியல், வெளிப்புறம் வன்மையுடையவற்றைப் புல் என்றும், உள்ளே வன்மையுடையவற்றை மரம் என்றும் பகுக்கின்றது. அவ்வகையில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லே. வேம்பும் தேக்கும் மரம். ஏட்டில் எழுதிய இப்பாகுபாட்டைக் கோடரி பிடிக்கும் கை நன்கறியும். பனையை வீழ்த்திப் போழ்ந்து கைமரம் எடுப்பவர், உள்ளே பஞ்சு போன்ற சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டுப் புறத்தே கருத்து இறுகிய பகுதியையே எடுத்துக்கொள்வர். வேம்பிலோ புறத்தே வெளுத்துக் கிடக்கும் வெளிற்றைச் சீவி எறிந்துவிட்டு உள்ளே சிவந்து இறுகிய சேகை எடுப்பர். இரண்டிலும் எறிவது ஓரிடத்தில், எடுப்பது மற்றோரிடத்தில். தொல்காப்பியர் இதை ஒரு தச்சனின் பட்டறையிலோ, மரம் போழ்வோரின் அருகிலோ நின்று கண்டிருப்பார் என்று கருதுவதில் பிழையொன்றும் இல்லை. காழ், சேகு, வயிரம், வெளிறு ஆகிய இச்சொற்கள் இருக்க, மரவியல் கற்பிக்கும் வகுப்பறைகளில் ஆங்கிலச் சொல்லன்றி வேறு கேட்பதில்லை. கோவையில் காட்டியற் கல்லூரி தொடங்கியது 1912-இல். நூறாண்டு கடந்தும் காழும் வெளிறும் அவ்வகைக் கல்வியின் வாயில்தாண்டி உட்புகவில்லை.

ஒரு மரத்தை வீழ்த்துதல் கோடரியை ஓங்குவதற்கு நெடுநேரம் முன்பே தொடங்கிவிடும் வேலை. முதற்கண் மரத்தைச் சுற்றி வந்து பார்ப்பர். எப்பக்கம் சாய்வு, எப்பக்கம் கிளைப்பொறை மிகுதி, தூரில் பொந்து உண்டா, காற்று எங்கிருந்து வருகின்றது, விழும் வழியில் வீடோ மின்கம்பியோ கிணற்றுமேடோ உண்டா, விழும்போது விலகி ஓடுவதற்கு வழி எது என்பனவெல்லாம் அந்த ஒரு சுற்றில் முடிவாகும். கோடரியின் பின்புறத்தால் அடிமரத்தைத் தட்டிக் கேட்பர். உள்ளீடற்ற மரம் பறைபோல் ஒலித்துத் தன் குறையைத் தானே சொல்லிவிடும். பின்னர் ஒருவர் மேலேறிக் கிளைகளைக் கழிப்பார். பெருங்கிளையாயின் வடம் கட்டி, அறுத்து, மெல்ல இறக்குவர். மேலே இருப்பவர் உயிர் கீழே வடம் பிடித்திருப்பவர் கையில். ஆதலின் அவ்விருவரும் பெரும்பாலும் உறவினராகவோ நெடுநாட் கூட்டாளிகளாகவோ இருப்பர்.

கிளை கழிந்தபின் சாயவேண்டிய பக்கத்தில் அடிமரத்தில் வாய்போலத் திறந்த ஒரு வெட்டு வெட்டுவர். எதிர்ப்புறத்தில், அவ்வாயினும் சற்று மேலாக, இரம்பத்தை வைத்து அறுப்பர். அறுப்பு வாயை எட்டிவிடக் கூடாது. இடையே சில விரற்கடை அளவு நார் அறாமல் நிற்றல் வேண்டும். அதுதான் கதவுக்குக் கீல்போல் மரத்தைப் பிடித்து, காட்டிய பக்கத்தில் சாய்க்கும். முற்ற அறுத்துவிட்டால் மரம் தன் விருப்பத்துக்கு விழும். இரம்பம் இறுகினால் பின்னே ஆப்புச் செருகி அடிப்பர். அப்போது ஒருவரும் பேசமாட்டார். உள்ளே நார்கள் ஒவ்வொன்றாகத் தெறிக்கும் ஒலி முதலில் அரிதாகவும், பின்னர் அடுத்தடுத்தும் கேட்கும். அவ்வொலியின் இடைவெளியை அளந்தே விலகுவர். எந்தப் பொறியியற் கல்லூரியும் இதற்குப் பட்டம் தருவதில்லை.

கருவிகளும் அவ்வாறே ஆழ்ந்த தெரிவுக்குரியன. தன் இனத்தைக் காட்டிக்கொடுப்பவனைக் கோடரிக்காம்பு என்பது தமிழர் வழக்கு. மரத்தை அழிக்கும் கருவிக்கு மரமே கைப்பிடியாவதால் வந்த இழிப்பெயர் அது. கோடரிக்காரன் அதை ஒப்பமாட்டான் போலும்! காட்டில் அவன் மிகுந்த பரிவோடு தேடுவது காம்புக்குரிய மரத்தைத்தான். வளையவும் வேண்டும், முறியவும் கூடாது. ஓங்கி இறக்கும் அதிர்ச்சியைக் கைக்குக் கொண்டுவராமல் தானே வாங்கிக்கொள்ளவும் வேண்டும். தடசு அவ்வகையில் பெயர் பெற்றது. வண்டி அச்சுக்கு வெக்காலி. வட்டைக்கும் குடத்துக்கும் கலப்பைக்கும் கருவேலம். எண்ணெய்ச் செக்குக்கு வாகை. இறைச்சி வெட்டும் கட்டைக்குப் புளி. அறத்தை அல்லது அழகைக் கருதி அன்று, ஒவ்வொரு மரத்தின் நார்ப்பின்னலையும் வன்மையையும் எடையையும் பலநூறு ஆண்டுகளாகக் கையால் ஆய்ந்து கண்ட முடிவு இது. கொங்குநாட்டின் கொறங்காடுகளில் கிளுவைவேலிக்குள்ளே வெள்வேலம் நிற்பதும் கண்மூடித்தனத்தால் நின்றதன்று. காய் ஆட்டுக்கு, நிழல் மாட்டுக்கு, கட்டை வீட்டுக்கு என்று கணக்கிட்டு வளர்த்தது.

இத்துணை அறிவுடைய தொழில் வரலாற்றில் எவ்வாறு பதிவாகியிருக்கின்றது என்று காண விரும்புவோர் நெருப்பெரிச்சலிலிருந்து நெடுந்தொலைவு போகவேண்டுவதில்லை. 2009-இல் அமைந்த திருப்பூர் மாவட்டம் தெற்கே உடுமலைப்பேட்டையைக் கடந்து ஆனைமலைத் தொடரில் ஏறித்தான் முடிகின்றது. அத்தொடரின் மேற்கே, பொள்ளாச்சிக்கு அப்பால், தமிழகத்தின் பெயர்பெற்ற தேக்கங்காடு இருக்கின்றது.

தேக்கு என்னும் பெயரே தமிழகத்தும் சேரநாட்டும் பிறந்து உலகெங்கும் போன பெயர். போர்த்துகீசியர் அதைத் 'தேக்கா' என்று கொண்டனர். ஆங்கிலர் 'டீக்' என்றனர். மரவியலார் அதற்கு இட்ட 'டெக்டோனா' என்னும் இலத்தீனப் பெயரிலும் அதுவே ஒளிந்திருக்கின்றது. பெயரை எடுத்துக்கொண்டவர் மரத்தையும் விட்டுவைக்கவில்லை. ஆங்கிலேயர் தம் போர்க்கப்பல்களுக்குரிய மரத்தைத் தம் நாட்டுக் காடுகளில் தீர்த்துவிட்டபின், பம்பாய்க் கப்பல்தளத்துக்கு ஆனைமலைத் தேக்கு தேவைப்பட்டது. 1848-இல் மைக்கேல் என்னும் படைத்துறையாளர் ஆனைமலைக் காட்டைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டார். 1856-இல் சென்னை மாகாணத்துக்கென்றே காட்டுத்துறை அமைந்து, கிளெக்கார்ன் என்னும் மருத்துவர் அதன் தலைவரானார். அதே ஆண்டில் தென்னகத்தின் முதல் தொடர்வண்டி ஓடத் தொடங்கிற்று. தண்டவாளத்தின் கீழே இடும் கட்டைகளுக்கும் மரம் வேண்டியதாயிற்று. 1882-ஆம் ஆண்டின் சென்னைக் காட்டுச் சட்டம், மலைமக்கள் பாட்டன் நாள் முதல் வெட்டிய மரத்தை அரசின் மரமாக்கிற்று. தமக்கென்று வெட்டினால் குற்றம். துரைக்கென்று வெட்டினால் கூலி!

மேலே வெட்டிய தேக்கங்கட்டைகளை மலைவிளிம்பிலிருந்து சரிவில் உருட்டிச் சறுக்கிவிட்டுக் கீழே எடுத்த இடம்தான் இன்று 'டாப்சிலிப்'. மலையுச்சியிலிருந்து மரம் சறுக்கிய இடம் என்பதே அந்த ஆங்கிலப் பெயரின் பொருள். தமிழ்ச்சொல் எதுவும் ட என்னும் எழுத்தில் தொடங்காது என்பது தமிழிலக்கணம் அறிந்த சிறுவனுக்கும் தெரியும். தொடங்க இயலாத எழுத்தில் தொடங்கும் பெயரொன்று தமிழ் மலையொன்றின் மேல் ஏறி அமர்ந்து, பேருந்துப் பலகையிலும் அரசாணையிலும் நிலைத்துவிட்டது. பெயரின் கேடு எழுத்தோடு நின்றிருந்தால் பொறுக்கலாம். மரம் சறுக்கியதை நினைவுறுத்தும் அப்பெயர், மரத்தைச் சறுக்கியவர் யார் என்பதை நினைவுறுத்தவில்லை. கட்டை உருளத் தொடங்கும் அந்த நொடியில் எதிரே நிற்பவன் உயிர் பிழைப்பதில்லை. முளைக்கோலால் நெம்பி, வடத்தால் பிடித்து, சரிவின் வாட்டம் பார்த்து அனுப்பிய கைகள் சறுக்கின என்று சொல்ல ஒரு தமிழ்ச்சொல்கூட அங்கே நடப்படவில்லை.

அங்கே ஒரு கல்லறை உண்டு. ஊகோ வுட் என்னும் ஆங்கிலக் காட்டலுவலருடையது. கப்பலுக்கும் தண்டவாளத்துக்கும் வெட்டி வெட்டி வறிதாகிவிட்ட மலையில், வெட்டிய தூர்களிலிருந்து தேக்கை மீண்டும் துளிர்க்கச் செய்தும் வித்திட்டும் காட்டை மீட்டவர் அவர். 1933-இல் இறந்தபின் தாம் வளர்த்த தேக்குகளின் நடுவே அடக்கம் செய்யப்பட்டார். வேற்றினத்தார் என்பதற்காக அவர் நன்மையை மறைப்பது தமிழ்ப்பண்பு ஆகாது. அவர் செய்தது நன்றே. நடக்குமிடமெல்லாம் கைத்தடியால் நிலத்தைக் குத்தி ஒரு வித்தை இட்டுப்போவார் என்று அவரைப் பற்றி ஒரு செய்தி வழங்குகின்றது. அழகிய செய்திதான். ஆனால் ஒருவர் கைத்தடி ஒரு மலைக்காட்டை ஆக்கிவிடுமா? தூரைச் சமனாக வெட்டிவிட்டவர் யார்? நாற்றைச் சுமந்து சரிவேறியவர் யார்? தீ வராமல் வரப்புத் துப்புரவு செய்தவர் யார்? இவ்வினாக்களுக்குரிய கல்லறை அங்கே இல்லை. வெட்டிய தூரிலிருந்து மீண்டும் வளர்ப்பதைக் காட்டுத்துறையார் 'காப்பிசு' என்பர். கரும்பிலும் சோளத்திலும் அவ்வாறு வளர்வதை மறுதாம்பு என்று கொங்கு உழவன் காலங்காலமாகச் சொல்லிவருகின்றான். அச்சொல்லைக் கேட்டுக் கொள்ள ஒரு துறைக்கு நூற்றைம்பது ஆண்டுகள் போதவில்லை. அத்துறை தன் பெயரையே காடு என்னும் தமிழில் வைத்துக்கொள்ளாமல் 'வனம்' என்னும் வடசொல்லில் வைத்துக்கொண்டிருப்பது வேறு கதை.

ஆனைமலையின் பழங்குடியினரான காடரும் மலசரும் முதுவரும் அக்காட்டின் ஒவ்வொரு மரத்தையும் பெயர் சொல்லி அறிவர். காடர் ஓங்கி உயர்ந்த மரத்தில் தேனெடுக்கும்போது, மூங்கில் ஆப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடிமரத்தில் அடித்துக்கொண்டே அவற்றில் கால்வைத்து ஏறுவர். 1909-இல் வெளிவந்த தர்சுட்டனின் தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூல் இதைக் குறித்துவைத்தது. மூங்கிலைச் சீவி நுண்ணிய கோலங்கள் செதுக்கிய சீப்பை மணமகன் தன் கையாலேயே செய்து தன் மணமகளுக்குத் தருவதும் அவர் வழக்கம். அப்பெண் அதைக் கொண்டையில் செருகிக்கொள்வாள். மரத்தொழில் என்றால் கட்டை சுமப்பது என்று கருதுவோர் அந்தச் சீப்பை ஒருமுறை காணல் வேண்டும். மலசருள் பலர் யானைப்பாகர். கட்டைகளைச் சங்கிலியிட்டு இழுத்தும், கொம்பால் தள்ளியும், ஒழுங்காக அடுக்கியும் காட்டில் உழைத்த யானைகள் அவர் சொல் கேட்டு நடந்தவை. கோழிகமுத்தியிலுள்ள யானை முகாம் அவ்வுழைப்பின் எச்சம். 2023-இல் கலீம் என்னும் கும்கி யானை அங்கே பணியோய்வு பெற்றபோது துறையினர் அணிவகுத்து நின்று அதற்கு மதிப்புச் செய்தனர். யானைக்குச் செய்த அம்மதிப்பு தகும். கோடரியை வைத்துவிட்டு ஓய்ந்துபோன மனிதனுக்கு அணிவகுப்பு வேண்டா. அவன் பெயரை எழுதிவைத்தாலே போதும்.

டாப்சிலிப்பைத் தாண்டி இன்றைய கேரள எல்லைக்குள் பறம்பிக்குளத்தில் கன்னிமரம் என்னும் ஒரு தேக்கு நிற்கின்றது. ஐவர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க அரிதான அடிமரம். அகவை ஏறத்தாழ 450 ஆண்டு என்பர். அதை வெட்டக் கோடரியை ஓங்கியபோது அடிமரத்திலிருந்து குருதி பீறிட்டதாகவும், அன்று முதல் அதைக் கன்னியாக வழிபடுவதாகவும் மலைமக்கள் கூறுவர். பகுத்தறிவாளர் இக்கதையைத் தள்ளிவிடலாம். ஆனால் வெட்டுபவனே வெட்டக்கூடாத ஒன்றைத் தனக்கென்று வைத்துக்கொண்டான் என்னும் உண்மையைத் தள்ள இயலாது. பம்பாய்க் கப்பல்தளத்திலிருந்து வந்த கணக்கில் அப்படி ஒரு விலக்கு இருந்ததாகத் தெரியவில்லை. தமிழ்ப்பெயர் தாங்கிய அம்மரத்துக்கு நடுவணரசு 'மகாவிருட்ச புரசுகார்' என்னும் வடமொழி விருதை அளித்ததும் நடந்தது. பெருமரம் என்று சொன்னால் மரம் சிறுத்துவிடுமா என்ன?

1976-இல் ஆனைமலை விலங்குகளின் புகலிடமாயிற்று. 1980-இல் நடுவணரசின் காட்டுக்காப்புச் சட்டம் வந்தது. 2007-இல் ஆனைமலை புலிகள் காப்பகமாயிற்று. மலையில் கோடரியின் ஒலி படிப்படியாக ஓய்ந்தது. காட்டுக்கு அது நன்மையே. அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆயினும் வெட்டுநிலை ஓய்ந்தபோது வெட்டியவரின் அறிவும் உடன் ஓயட்டும் என்று விட்டது நன்மையன்று. எம்மரம் எவ்வளவு நாளில் காயும், எதைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், எது பூச்சி தாங்கும் என்பனவெல்லாம் காட்டைக் காப்பதற்கும் வேண்டிய அறிவே. பச்சைத் தேக்கு நீரில் மிதவாது என்று கண்டு, அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிற்றையும் வளையமாக நீக்கி, நின்றவாக்கிலேயே ஈராண்டு காயவிட்டு வீழ்த்தும் முறையைப் பருமாவிலும் பிற தேக்கு நாடுகளிலும் கையாண்டனர். அதுபோன்ற நுட்பங்கள் எழுதிய நூலால் வளர்ந்தவை அல்ல. கேட்ட வாயால் வளர்ந்தவை.

மலையில் ஓய்ந்த தொழில் சமவெளியில் ஓயவில்லை, பெருகிற்று. திருப்பூரில் சாயப்பட்டறைகளின் கொதிகலன்கள் விறகை எரித்தே ஆவியை எழுப்புகின்றன. நொய்யலைக் கெடுத்த கழிவுநீருக்காக 2011-இல் உயர்நயமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபின், ஒரு சொட்டும் வெளிவிடாமல் கழிவுநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் கட்டாயம் வந்தது. காய்ச்சுவதற்கும் எரிபொருள் வேண்டும். வெளிநாட்டான் அணியும் உள்ளாடையின் வண்ணத்துக்குள் எங்கோ ஒரு சிற்றூரின் சீமைக்கருவேலம் எரிந்து கிடக்கின்றது. முள் கிழித்த கைகளோடு அதை வெட்டிச் சுமைவண்டியில் ஏற்றியவர் யார் என்று ஏற்றுமதிக் கணக்கு கேட்பதில்லை. வீட்டுமனைக்காகவும் சாலையை அகலப்படுத்தவும் வீழ்ந்த புளியும் வேம்பும் வாள்பட்டறைகளுக்கு வந்து குவிகின்றன. நெருப்பெரிச்சல் என்னும் பெயர் ஏன் வந்தது என்பது ஒருபுறம் இருக்க, இன்றைய திருப்பூருக்கு அப்பெயர் பொருந்தாது என்று எவராலும் சொல்ல முடியாது.

இதற்கிடையே எரிநெய்யால் ஓடும் சங்கிலி வாள் வந்துவிட்டது. இருவர் நெடுநேரம் அறுத்ததை அது மிகக் குறைந்த நேரத்தில் அறுக்கின்றது. உழைப்பின் கடுமை குறைந்ததை எவரும் குறைசொல்லார். ஆனால் அதன் பேரிரைச்சலில் நார் தெறிக்கும் ஒலி கேட்பதில்லை. ஒலியைக் கேட்டு விலகிய தலைமுறை போய், ஒலி கேளாத கருவியோடு மரத்தடியில் நிற்கும் தலைமுறை வந்திருக்கின்றது. காதுக்கு மறைப்பு இல்லை. தலைக்குக் கவசம் இல்லை. காலுக்கு உறுதியான செருப்புக்கூட இல்லை. மரத்தின் மேலே ஏறியவர் இடுப்பில் ஒரு கயிறு. பல வேளைகளில் அதுவும் இல்லை. மின்கம்பியில் கிளை சாய்ந்தாலோ, அறுபட்ட கிளை திரும்பி அடித்தாலோ அக்குடும்பம் அன்றோடு சாய்ந்தது. 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியே நலவாரியங்கள் அமைந்தன. பதிந்துகொண்டவர்க்கு நேர்ச்சிக்காலத்தில் உதவி உண்டு. ஒப்பந்தக்காரன் கூப்பிட்ட இடத்துக்கு நாளொரு ஊராகப் போகும் மரம் வெட்டிகள் எத்தனை பேர் பதிந்திருக்கின்றனர்? தமிழ் வளர்க்கும் மன்றங்கள் ஒவ்வொன்றும் தன் ஊரில் இதைக் கேட்டறிந்து, பதியாதவரைப் பதிவித்தல் வேண்டும். மேடைத்தமிழ் ஒருநாள் ஓய்ந்திருந்தாலும் தமிழ் கெட்டுப்போகாது.

சொல் திரட்டும் பணி இதனினும் விரைந்து செய்யத்தக்கது. 1974-இல் பாவாணரைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் 12 மடலங்களாக விரிந்து நிறைவுற்றது; அதன் பின்னும் புதுச்சொல் ஆக்கும் பணி அரசின் வழியே நடக்கின்றது. குளிரறையில் அமர்ந்து ஆங்கிலச் சொற்பட்டியலை எதிரே வைத்துக்கொண்டு ஆக்கிய சொற்களுள் பல, ஆக்கியவரோடே தங்கிவிட்டன. வாள்பட்டறை என்னும் சொல்லை எந்தக் குழுவும் ஆக்கவில்லை. ஆயினும் அது தமிழகச் சாலைகளில் பெயர்ப்பலகையாக நிற்கின்றது. ஆக்கத் தெரிந்தவர் யாரென்பது இதில் விளங்கவில்லையா? சங்கிலி வாளுக்கு அவர்கள் இன்று 'மிசின்' என்று சொல்லிப் போவது, அவர்க்குச் சொல்லாக்கம் தெரியாததால் அன்று. கருவியோடு சொல்லையும் விற்றவன் அவர்க்கு நேரம் தரவில்லை.

ஆகவே திருப்பூர்ப் பகுதித் தமிழன்பர் இந்தக் கோடை விடுமுறையிலேயே இளைஞர் சிலரைக் குறிப்பேட்டோடு அனுப்பலாம். நெருப்பெரிச்சல், பெருமாநல்லூர், அவிநாசி வாள்பட்டறைகளிலும் மரவாடிகளிலும் தொடங்கி உடுமலை மலையடிவாரம் வரை செல்லட்டும். கருவியின் பெயர், கருவியின் உறுப்புப் பெயர், மரத்தின் பெயர், மரக்குறையின் பெயர், வெட்டு வகையின் பெயர் என்று கேட்டு, சொன்னவர் பெயரையும் ஊரையும் அகவையையும் அவர் இசைவோடு எதிரே எழுதட்டும். கேட்பதற்குரிய முதியோர் ஆண்டுக்காண்டு குறைந்துவருகின்றனர். முதல் கேள்வியாக இதைக் கேட்கலாம்: மரம் விழுமுன் உள்ளே நார் தெறிக்கும் அவ்வொலிக்கு அவர் ஊரில் என்ன பெயர்?